தெருவின் வாக்கு

தேர்தல் அறிவிக்கப்பட்ட மாத்திரத்தில் சென்னையிலிருந்து புறப்பட்டு, பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு தேநீர்க் கடை வாசலில் அரைமணி நேரம் நின்று, அங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் நால்வரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு, இந்த வட்டாரத்து ஜனங்கள் சாதி பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்றோ, நடிகர் முகம் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்றோ, கையில் விழுந்த காசைப் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்றோ தீர்மானமாக எழுதிவிடுகிற கட்டுரைகளை ஆண்டுக்கணக்கில் படித்து வந்திருக்கிறேன். அவற்றில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஜனங்களின் ஆள்காட்டி விரலில் மை வைத்தும், அவர்களுக்கு வாக்குச்சீட்டை மடித்துக் காட்டிக் கொடுத்தும், பிற்பாடு எண்ணும் மேசையில் அதே சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்தும் உத்தியோக காலத்தைக் கழித்த ஓர் ஆசிரியைக்கு, அக்கட்டுரைகள் வாக்காளரைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டவை என்பது தெளிவாகத் தெரியும்.

ஆவடிக்கு அருகில் அரசுப் பள்ளியொன்றில் 1983இல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். 1984 டிசம்பரில் சட்டசபைக்கும் பாராளுமன்றத்துக்கும் ஒருசேர நடந்த தேர்தலில் எனக்கு முதன்முதலாகப் பணி ஆணை வந்தது. ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பாக, 2019 ஏப்ரலில், பூந்தமல்லித் தொகுதியில் பாராளுமன்றத் தேர்தலும் சட்டசபை இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்தபோது கடைசியாகப் பணியாற்றினேன். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பெண் அலுவலர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் காரணமாகத் தொடக்கத்தில் மை வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அனுபவம் முதிர முதிர, சாவடியின் தலைமை அலுவலர் என்ற பொறுப்பும் வந்து சேர்ந்தது. நம் நாட்டில் தேர்தல் என்னும் மாபெரும் காரியம், அதன் ஆரவாரங்களை எல்லாம் நீக்கிப் பார்த்தால், பெரும்பகுதி பள்ளி ஆசிரியர்களின் கைவேலையாகவே நடைபெறுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றையும் இன்று ஒரே மூச்சில் சென்னையின் மேற்குப் புறநகர் என்று சொல்லிவிடுகிறோமெனினும், நான் பணியில் சேர்ந்த காலத்தில் அவை மூன்றும் மூன்று விதமான ஊர்கள். அம்பத்தூர், டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையாலும் 1964இல் அமைந்த தொழிற்பேட்டையாலும் வளர்ந்த தொழிலாளர் ஊர். அங்கே வாக்காளர் வரிசையில் சங்கத்துப் பேச்சு கேட்கும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியதால் தேசமெங்கும் பெயர் பெற்ற ஆவடி, 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த பிறகு, பல மாநிலத்தாரும் பல பாஷைக்காரரும் அரசாங்கக் குடியிருப்புகளில் சேர்ந்து வாழும் ஊராயிற்று. பூந்தமல்லியோ, செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பி நெல்லும் பூவும் கீரையும் விளைவித்த சுற்றுக் கிராமங்களுக்குக் கடைவீதியாகவும், நீதிமன்றமாகவும், ஆஸ்பத்திரியாகவும், பேருந்து நிலையமாகவும் விளங்கிய சிறு நகரம். மை வைக்கும்போது விரலைப் பிடித்துப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கத்தவர் என்று ஒருவாறு சொல்லிவிடலாம். அம்பத்தூர் விரலில் எந்திர எண்ணெய் நகக்கண்ணில் ஏறியிருக்கும்; பூந்தமல்லிக் கிராமத்துப் பெண்களின் விரல் நுனியோ, விடியுமுன் அரும்பு பறித்துப் பறித்துத் தடித்திருக்கும்.

எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் பூந்தமல்லிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர். 1962 முதலே தேர்தல் பணி பார்த்தவர். தேர்தல் வகுப்புக்குப் புறப்படும் இளம் ஆசிரியர்களுக்கெல்லாம் அவர் தவறாமல் ஒரு சரித்திரம் சொல்வார். பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் 1897இல் பிறந்த எம். பக்தவத்சலம், பல்லாண்டு மந்திரியாக இருந்து, 1963இல் காமராஜர் பதவி விலகியபின் முதலமைச்சரும் ஆனவர். அவர் 1967இல், தாம் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியில், தி.மு.க. அபேட்சகரான இராஜரத்தினத்திடம் தோற்றுப்போனார். அரிசிப் பஞ்சமும், 1965ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியை அரசு அடக்கிய விதமும், தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் ஜனவரி 12ஆம் தேதி இராமாபுரம் தோட்டத்து வீட்டில் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட சம்பவமும் அத்தோல்விக்குக் காரணங்களாக எல்லாப் புத்தகங்களிலும் எழுதப்பட்டிருக்கின்றன. தலைமையாசிரியரோ இவற்றை ஒப்புக்கொண்டு, அதற்கு மேல் ஒன்று சொல்வார்.

அவர் பணியாற்றிய சாவடிக்கு அன்று காலையில், பண்ணை வீடுகளின் மாட்டு வண்டிகளிலேயே குடியானவர்களும் கூலியாட்களும் வந்து இறங்கினார்களாம். வண்டியில் கட்டியிருந்த கொடி எதுவோ அதன் சின்னத்திலேயே முத்திரை விழும் என்பதில் வண்டி அனுப்பியவர்களுக்கு லவலேசமும் சந்தேகம் இருக்கவில்லை. வந்தவர்களும் வணங்கி நின்றார்கள், எதிர்வார்த்தை பேசவில்லை, மறைப்புக்குள் போய் வந்து அதே வண்டியில் ஏறிப் போனார்கள். பெட்டி திறந்தபோது காங்கிரஸின் சின்னமான நுகம் பூட்டிய இரட்டைக் காளைக்கு வந்திருக்க வேண்டிய வாக்குகள் தி.மு.க.வின் உதயசூரியனுக்கு விழுந்திருந்தன. “அந்த ஜனங்களுக்கு தைரியம் குடுத்தது மேடைப் பேச்சு இல்லேம்மா. நாம வெச்ச அந்த அட்டை மறைப்புதான் குடுத்தது. அது ஒரு விரற்கடை விலகினாலும் அந்த தைரியம் போயிடும். அதனால மறைப்பை ஜாக்கிரதையா வையுங்க” என்பார். வாக்களிப்பின் ரகசியம் என்பது சட்டப் புத்தகத்து வாசகமாக இல்லாமல் ஒரு ஜீவனுள்ள பொருளாக எனக்கு அறிமுகமானது அவருடைய இந்த வார்த்தைகளால்தான்.

வாக்குச்சீட்டுக் காலத்து வேலையை இன்றைய இளம் ஆசிரியர்களில் பலர் அறிய மாட்டார்கள் என்பதால் சிறிது விரித்துச் சொல்கிறேன். தேர்தலுக்கு முதல் நாள் தாலுகா அலுவலகத்திலோ பெரிய பள்ளிக்கூடத்திலோ சாமான்களை எண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும்: இரும்புப் பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டுகள், பட்டியல்கள், அம்புக்குறி முத்திரைக் கட்டை, மைக்குப்பி, அரக்கு, மெழுகுவத்தி, நூல்கண்டு, வெவ்வேறு வர்ண உறைகள். லாரியில் அவற்றோடு நாங்களும் ஏறி, சாவடிகள் தோறும் இறங்கி, இரவைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கழிப்போம். கிராமத்துத் தலையாரி கொண்டுவரும் சோற்றை உண்டுவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தலைமை அலுவலர் வாக்குச்சீட்டுகளின் பின்புறம் கையெழுத்திடத் தொடங்கினால் நள்ளிரவு கடந்துவிடும். மறுநாள் அதிகாலையில் வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் வெறும் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டி, காகித முத்திரையை உள்ளே பொருத்தி, அதில் அவர்களுடைய கையெழுத்தையும் வாங்கி, நூல் கட்டி அரக்கு வைத்துப் பெட்டியை மூட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது சீட்டை மடிக்கும் விதம். முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடித்து, அதைப் பிரித்து, மடிப்புத் தடத்தோடு வாக்காளர் கையில் கொடுக்க வேண்டும். அப்படி மடித்தால்தான் முத்திரையின் ஈரம் வேறொரு சின்னத்தின் மேல் ஒற்றிக்கொள்ளாமல் இருக்கும். எழுத்தறியாத கிழவிகள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்வார்கள். செல்லாத வாக்குகளுக்கெல்லாம் எழுத்தறியாமையே காரணம் என்ற அபிப்பிராயத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை. எண்ணும் மேசையில் நான் கண்ட செல்லாத சீட்டுகளில், படித்தவர்கள் பேனாவால் எழுதிவைத்த வசவுகளும் வாழ்த்துகளும் ஏராளமாக இருந்தன.

இனி, இந்த ஜனங்கள் வாக்களிக்கும் மாதிரியைப் பற்றி நான் அறிந்ததைச் சொல்ல வேண்டும். பூந்தமல்லித் தொகுதியின் சட்டசபைப் பொதுத்தேர்தல் முடிவுகளை 1991 முதல் 2021 வரை வரிசையாகப் பார்த்தால் ஒரு விசேஷம் புலப்படும். 1991இல் காங்கிரஸ் அபேட்சகராக டி. சுதர்சனம் வென்றார்; அப்போது காங்கிரஸ் இருந்தது அ.தி.மு.க.வின் கூட்டணியில். 1996இல் அதே சுதர்சனம் தமிழ் மாநில காங்கிரஸ் அபேட்சகராக வென்றார். அப்போது அவருடைய கட்சி இருந்தது தி.மு.க.வின் கூட்டணியில். 2001இல் பா.ம.க.வின் சண்முகமும், 2006இல் மீண்டும் காங்கிரஸ் சார்பில் சுதர்சனமும், 2011லும் 2016லும் அ.தி.மு.க.வினரும், 2021இல் தி.மு.க.வின் கிருஷ்ணசாமியும் வென்றனர். இத்தனை பொதுத்தேர்தல்களிலும் எந்த அணி மாநிலத்தில் ஆட்சியைப் பிடித்ததோ, அந்த அணியின் அபேட்சகரே பூந்தமல்லியிலும் வென்றிருக்கிறார். 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் இது தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதியாயிற்று, எல்லைகள் மாறின, ஆனால் அந்தப் பழக்கம் மாறவில்லை. சாதி ஒன்றையே பார்த்து வாக்களிக்கும் ஊராக இது இருந்திருந்தால், இப்படி அணிவிட்டு அணி மாறி நின்றிருக்க முடியாது.

அக்கம்பக்கத்திலும் இதே கதைதான். அம்பத்தூர், ஆவடி என்ற பெயர்களோடு 2011 தேர்தலில் புதிதாகப் பிறந்த தொகுதிகள், 2011லும் 2016லும் அ.தி.மு.க.வுக்கும், 2021இல் தி.மு.க.வுக்கும் வெற்றியைத் தந்தன. ஆவடியில் 2016இல் அ.தி.மு.க.வின் பாண்டியராஜன் ஆயிரத்து ஐந்நூறுக்கும் குறைவான வாக்குகளில் தி.மு.க.வின் நாசரை வென்றார். அதே நாசர் 2021இல் அதே பாண்டியராஜனை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்கள் அபிப்பிராயத்தைப் புதிதாக எடைபோட்டுப் பார்க்கும் ஜனங்கள் இவர்கள்.

எந்தச் சபைக்குத் தேர்தல் என்பதையும் அவர்கள் நன்றாக அறிவார்கள். 1980 ஜனவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ இந்திரா காங்கிரஸ்–தி.மு.க. அணிக்குக் கொடுத்தவர்கள், எம்.ஜி.ஆரின் ஆட்சி கலைக்கப்பட்டு அதே ஆண்டு மே மாதத்தில் சட்டசபைத் தேர்தல் வந்தபோது அவருக்கே 129 இடங்களைக் கொடுத்துத் திரும்பவும் அமர்த்தினார்கள். 1989 ஜனவரியில் தி.மு.க.வுக்கு 150 இடங்களைக் கொடுத்து ஆட்சியில் ஏற்றிய ஜனங்கள், அதே ஆண்டு நவம்பரில் அக்கட்சிக்குப் பாராளுமன்றத்தில் ஓர் இடமும் கொடுக்கவில்லை. 1989 நவம்பரில் நான் மை வைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரியில் எங்கள் வரிசையில் நின்ற அதே முகங்கள்தான் மறுபடியும் நின்றன; வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்திருந்ததால் சில இளம் முகங்கள் கூடியிருந்தன, அவ்வளவுதான். டில்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று அந்தக் கிராமத்துப் பெண்கள் வரிசையில் நின்றபடியே பேசிக்கொள்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

பஞ்சாயத்துத் தேர்தலோ வேறு உலகம். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு–சாவியும், மூக்குக் கண்ணாடியும், சாலை உருளையும் போன்ற சின்னங்களில் மாமனும் மச்சானும் எதிரெதிரே நிற்பார்கள். சட்டசபைத் தேர்தலில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் ஆறஅமர வருகிறவர்கள், அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே கதவண்டை வந்து நிற்பார்கள். வெளியூர் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருப்பார்கள். அந்தத் தேர்தலில் சாதியும் உறவும் பணமும் அதிகம் பேசும் என்பது மெய். ஆனால் குழாயடியில் நின்று பார்த்து அறிந்த ஒருவருடைய குணத்துக்கு அன்றுதான் முழு மதிப்பும் கிடைக்கிறது என்பதும் மெய். 1996 முதல் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, கணவன் பெயரைச் சொல்லிக்கொண்டு முதல் முறை நின்ற பெண்களில் சிலர், அடுத்த முறை தம் சொந்தப் பெயரைச் சொல்லி நின்று ஜெயித்ததையும் நான் பார்த்தேன். அதைவிட எனக்குச் சந்தோஷம் தந்த காட்சி தேர்தல் பணியில் குறைவு.

பூந்தமல்லிக்கே உரிய இன்னொரு வாக்காளர் கூட்டத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இங்கே இருப்பதால், அங்கே பயின்றவர்களும் பணிபுரிகிறவர்களும் ஊரில் கணிசமாகக் குடியிருக்கிறார்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் அவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வந்துதான் வாக்களிக்க முடியும். துணைவர் ரகசியம் காப்பதாக உறுதிமொழி எழுதித் தருவார். வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் எண்கள் பிரெயில் எழுத்தில் பொறிக்கப்பட்டு, பிரெயிலில் அச்சிட்ட மாதிரித் தாளும் சாவடிக்கு வரத் தொடங்கிய பிறகு, துணை வேண்டாம் என்று சொல்லித் தன்னந்தனியே மறைப்புக்குள் போய், விரலால் தடவிப் பார்த்து, பொத்தானை அழுத்தி, ‘பீப்’ ஓசை கேட்டதும் நிமிர்ந்து நடந்து வந்த ஒருவருடைய முகத்தைப் பார்த்தவர்கள், ரகசியம் என்பது மனிதனுடைய கௌரவத்தின் ஓர் அங்கம் என்பதை வேறெவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்த இயந்திரம் 2001ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதற்கும் வந்தது. நான் அதை மனமார வரவேற்றவள். சீட்டுக் கட்டுகளில் கையெழுத்திட்டுக் கை வீங்குவதும், செல்லாத வாக்கு எது என்று மேசையில் மணிக்கணக்கில் வழக்காடுவதும், பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றினார்கள், மை ஊற்றினார்கள் என்ற புகார்களும் சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல்களில் அன்றோடு ஒழிந்தன. இயந்திரத்தின் நேர்மையைப் பற்றிச் சொல்லப்படும் ஐயங்களை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் வந்த சரிபார்ப்புச் சீட்டும், அது கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி நின்று காட்டும் சின்னமும் என் சாவடியில் ஜனங்களுக்கு மனநிறைவையே தந்தன. என் மனத்தை உறுத்துவது இயந்திரம் அன்று. அதிலுள்ள வாக்குகளை நாம் எண்ணும் முறை.

வாக்குச்சீட்டுக் காலத்தில், தேர்தல் ஆணையம் பணித்த இடங்களில், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்த பிறகே எண்ணுவோம். ஒவ்வொரு பெட்டியிலும் மொத்தம் எத்தனை சீட்டு என்று சரிபார்த்து, இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி, அந்தக் கட்டுகளை எல்லாம் ஒரு பெரிய பீப்பாயில் போட்டுப் புரட்டிவிடுவார்கள். அதிலிருந்து மேசைக்கு ஆயிரம் சீட்டாக வரும். எனக்கு வந்த ஆயிரத்தில் எந்தக் கிராமத்துச் சீட்டு எத்தனை என்று எனக்கும் தெரியாது, எதிரில் கம்பி வலைக்கு அப்பால் நின்று பார்க்கும் முகவருக்கும் தெரியாது. தொகுதியின் தீர்ப்பு தெரியும். தெருவின் தீர்ப்பு தெரியாது. இயந்திரமோ சாவடிக்கு ஒன்று. எண்ணும் மேசையில் அதன் முத்திரையை உடைத்துப் பொத்தானை அழுத்தினால், இன்ன சாவடியில் இன்னாருக்கு இத்தனை என்று வந்துவிடும். அதை முகவர்கள் குறித்துக்கொள்வார்கள். பின்னர் ‘படிவம் 20’ என்ற பெயரில் அதிகாரபூர்வமாகவே அது வெளியாகிறது.

நான் பணியாற்றிய காலத்தில் ஒரு சாவடிக்கு ஆயிரத்திருநூறோ ஆயிரத்து நானூறோ வாக்காளர்கள் இருந்தார்கள். கிராமத்தில் அது ஒரு ஊர். பல இடங்களில் அது நாலைந்து தெரு. நம் மாநிலத்தில் ஆண்களுக்கு ஒரு சாவடி, பெண்களுக்கு ஒரு சாவடி என்று பிரிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தமையால், ஒரு ஊரின் பெண்கள் எப்படி வாக்களித்தார்கள் என்பதுகூடத் தனியே தெரிய வந்தது. மிக மோசமான விளைவு வேறொன்று. ஆதிதிராவிட மக்கள் அச்சமின்றி வந்து வாக்களிக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தோடு, அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே தனிச் சாவடி அமைத்துத் தருகிறோம். அதே சாவடியின் கணக்கு தனியே வெளியாகிறபோது, அந்தக் குடியிருப்பு முழுவதும் எந்தப் பக்கம் நின்றது என்பது ஊர் முழுவதற்கும் பறையறைந்து சொல்லப்பட்டதாகிவிடுகிறது. பாதுகாப்புக்காக நாம் கட்டிய சுவரே அடையாளமாகிவிடுகிறது.

இது கற்பனையில் எழுந்த கவலை அன்று. பூந்தமல்லிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், இயந்திரம் வந்த பிந்திய ஒரு தேர்தலில், அத்தகைய சாவடிக்கு நான் தலைமை அலுவலராக இருந்தேன். மறைப்புக்குள் போகுமுன் ஒரு மூதாட்டி என்னிடம் குனிந்து, “டீச்சரம்மா, நான் யாருக்குப் போட்டன்னு இந்தப் பொட்டி வெளிய சொல்லிடுமா?” என்று கேட்டாள். “சொல்லாது ஆயா. எனக்கும் தெரியாது, இங்க ஒக்காந்திருக்கிற ஏஜெண்டுங்களுக்கும் தெரியாது, கலெக்டருக்கே தெரியாது. தைரியமா போயிட்டு வாங்க” என்றேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆவது பிரிவு வாக்கின் ரகசியத்தைக் காக்கும் கடமையை எங்கள் மேல் சுமத்தி, மீறினால் சிறைத் தண்டனையும் விதிக்கிறது. 94ஆவது பிரிவு, யாருக்கு வாக்களித்தாய் என்று எந்தச் சாட்சியையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. அந்தச் சட்டத்தின் பலத்தில்தான் அந்த வாக்கை நான் கொடுத்தேன். அது சத்தியமான வாக்கு.

சில மாதங்கள் கழித்து அவளுடைய மருமகளைப் பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் கண்டேன். என்னை அடையாளம் கண்டு அவளாகவே வந்து பேசினாள். “எங்க தெருவுல எத்தினி பேரு எந்தப் பக்கம் போட்டாங்கன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்காங்க டீச்சர். உங்க பூத்துல எங்களுக்கு விழுந்தது இவ்ளோதான், இப்ப பைப்பு வேணும்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றீங்கன்னு கேக்கறாங்க. எங்க மாமியாரு அவங்க ஓட்டாலதான் இப்டி ஆயிடுச்சின்னு பயந்துக்கினு கெடக்கறாங்க” என்றாள். அவளுடைய மாமியாரின் வாக்கை எவரும் அறியவில்லை; சட்டம் காக்கச் சொன்ன ரகசியம் காக்கப்பட்டே இருந்தது. ஆனால் அவள் வசிக்கும் தெருவின் வாக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. குடிநீர்க் குழாய் ஒரு தனி ஆளுக்கு வருவதில்லை, தெருவுக்குத்தான் வருகிறது. ஆகையால் தெருவைத் தண்டிக்க நினைப்பவருக்குத் தெருவின் கணக்கே போதும்.

இத்தகைய காரியம் ஒரு கட்சிக்கோ ஒரு மாநிலத்துக்கோ உரியதன்று. 2019ஆம் ஆண்டுத் தேர்தல் பிரசாரத்தில் உத்தரப் பிரதேசத்தில் மத்திய அமைச்சர் ஒருவர், தமக்கு விழும் வாக்கின் விகிதப்படி கிராமங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, அந்த வரிசையிலேயே காரியங்கள் நடக்கும் என்று பகிரங்கமாகப் பேசினார். தேர்தல் ஆணையம் அதைக் கண்டித்தது. கண்டித்ததோடு பேச்சு நின்றது. தரம் பிரிக்க உதவும் கணக்கு மட்டும் இன்றும் வெளியாகிக்கொண்டிருக்கிறது.

பரிகாரம் இல்லாத நோய் அன்று இது. பதினான்கு சாவடிகளின் இயந்திரங்கள் வரை ஒன்றாக இணைத்து, அவற்றின் கூட்டுத் தொகையை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவி தயாராகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமென்று தேர்தல் ஆணையம் 2008லேயே மத்திய அரசுக்கு எழுதியது. சட்ட ஆணையம் 2015இல் தந்த தனது 255ஆவது அறிக்கையில் அதைச் சிபாரிசு செய்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரியான விவரம் தெரிந்தால், தாம் பின்தங்கிய பகுதியில் கூடுதலாக உழைக்க வேட்பாளருக்கு அது உதவும் என்பது எதிர்த்தரப்பு வாதங்களில் ஒன்று. அப்படி உழைப்பவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் குழாய் கேட்டு வந்த பெண்களிடம் நோட்டை விரித்துக் காட்டுகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காகத்தானே சட்டம் இருக்கிறது? கலந்து எண்ணினால் மோசடியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் சரியான ஆட்சேபம் அன்று. ஒவ்வொரு சாவடியிலும் மொத்தம் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்பதை ‘படிவம் 17சி’யில் எழுதி அன்று மாலையே முகவர்களிடம் கொடுத்துவிடுகிறோம், அந்தத் தொகையை இயந்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இராது. வாக்குச்சீட்டு முறை இன்னும் வழங்கும் பிரிட்டனில், ஒரு சாவடிப் பெட்டியின் சீட்டுகளை வேறொரு பெட்டியின் சீட்டுகளோடு கலந்த பிறகே எண்ண வேண்டும் என்பது விதி. அதனால் அங்கே தேர்தலின் நம்பகம் கெட்டுவிடவில்லை.

பூந்தமல்லியும் ஆவடியும் அம்பத்தூரும் எப்படி வாக்களிக்கின்றன என்பதை ஆராய்கிறவர்களுக்குத் தொகுதிக் கணக்கு தாராளமாகப் போதும் என்பதை மேலே எழுதியவற்றாலேயே காட்டியிருக்கிறேன். அதற்குக் கீழே, இன்ன தெரு, இன்ன குடியிருப்பு என்று அறிய வேண்டிய நியாயமான தேவை எவருக்கும் இல்லை. நசரத்பேட்டைச் சுற்றுவட்டாரத்து உழவர்களுக்கு 1967இல் ஒரு முதலமைச்சரையே மாற்றும் தைரியத்தைக் கொடுத்த மறைவு, இன்று அவர்களுடைய பேரன்மார்களுக்கு முழுமையாக இல்லை. அடுத்த தேர்தலில் உங்கள் வாசலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவர், எந்தக் கட்சியினராயினும் சரி, சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணுவதற்கு அவருடைய கட்சி ஆதரவு தருமா என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். இதற்காகப் பாராளுமன்றத்தில் புதிதாக ஒரு சட்டம் இயற்ற வேண்டியதுகூட இல்லை; 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் மத்திய அரசு ஒரு திருத்தம் செய்தாலே போதும்.